இடது ஓரத்து வளைவு

கேமராவைச் சோதிப்பது என்றதும் வெள்ளை அங்கி, கண்ணாடி அறை என்று கற்பனை செய்கிறவர்கள் பூதக்கண்ணாடியின் மொட்டைமாடிக்கு ஒரு தரம் வந்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, வெயிலுக்கு ஒரு குடை, காற்றில் ஆடாமல் இருக்கக் காலில் செங்கல் கட்டிய ஒரு ஸ்டாண்டு. பரிசோதனைக்கூடம் அவ்வளவுதான். பூதக்கண்ணாடி என்பது அவளுடைய அக்கா கணவர் வைத்த பெயர். எதையும் பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்பது அத்தானின் கட்சி. புதிதாக வருகிற கேமராக்களைச் சோதித்து ஒரு பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவதே அவளுக்குத் தொழிலாக இருந்ததால், அதை மறுக்கவும் வழியில்லை.

எந்தக் கேமரா வந்தாலும் அவள் வெளியே எடுக்கும் முதல் படம் ஒன்றுதான். தெருவுக்கு எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடம். அதில் ஒரு கேமராவைத் திணறடிக்கத் தேவையான எல்லாம் இருந்தன. பூசாத செங்கல் ஒரு பக்கம், பூசிய சுவர் ஒரு பக்கம், பொடிப்பொடி இலைகளோடு வலது மூலையில் ஒரு மரம், துருப்பிடித்த ஜன்னல் கம்பிகள், பெயர்ப்பலகையில் எறும்பு சைஸில் ஒரு தொலைபேசி எண். மேல் இரண்டு மாடிகளும் பூட்டிக் கிடந்தன. கீழே அத்தானின் சோபா தைக்கும் பட்டறை.

அந்தப் பட்டறையின் இடதுபக்க ஜன்னலில் நிற்கும் அக்காதான் சோதனையின் கடைசிக் கேள்வி. அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் அளவுநாடா தொங்கும். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அக்காவே கடுகளவுதான். அந்தக் கடுகின் கழுத்தில் மஞ்சள் கோடு தெரிந்தால் கேமரா தேறியது. சட்டையோடு கரைந்து சேறாகிப் போனால் தேறவில்லை. பத்திரிகையில் இதை 'நுண்விவரம்' என்ற தலைப்பில் எழுதுவாள். எத்தனையோ கம்பெனிகளின் தலையெழுத்து ஒரு சோபா தையற்காரியின் கழுத்தில் தொங்கியது என்பது யாருக்கும் தெரியாது.

அன்றும் அவள் போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஜன்னல்கிட்ட வாக்கா. அசையாதே."

"கையில வேலை இருக்குடி."

"ஒரு நிமிஷம்தான்."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா. சரி, நின்னுட்டேன். மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

படங்களை எடுத்து முடிக்கும்வரை அக்கா சிலையாக நின்றாள். "சரி, நகரலாம்" என்று தங்கை சொன்ன பிறகுதான் போனை வைத்தாள். இப்படி நிற்பதில் அக்காவுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. பட்டறை ஆட்கள் ஏதாவது கேட்டால், "இரு, சோதனையில இருக்கேன்" என்பாள்.

சோதனைக்கு வந்திருந்தது சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்னக் கேமரா. பார்த்தால் சோப்புப் பெட்டி. ஆனால் பூதக்கண்ணாடிக்கு அதன்மேல் வந்த அன்றே ஒரு பிரியம் விழுந்துவிட்டது. சின்னக் கேமரா என்றால் மங்கலான வெளிச்சத்தில் படம் முழுக்க ரவை கொட்டியதுபோல் ஆகும். இதில் ஆகவில்லை. செங்கல் செங்கலாக இருந்தது. பலகையில் தொலைபேசி எண்ணைப் படித்து, வேண்டுமானால் போன்கூடப் போடலாம். மஞ்சள் அளவுநாடா, கேட்கவே வேண்டாம், பளிச்சென்று தொங்கியது. ஐந்துக்கு ஐந்து போட்டுவிடலாம் என்று கை துறுதுறுத்தபோதுதான் அவள் கண் இடது ஓரத்துக்குப் போனது.

கட்டடத்தின் இடது விளிம்பு நேராக இல்லை. நடுவில் லேசாக வெளியே பிதுங்கி, மேலேயும் கீழேயும் உள்வாங்கியிருந்தது. சின்ன லென்ஸ்களுக்கு இது பரம்பரை வியாதி. ஓரத்துக் கோடுகளை வளைத்துவிடும். ஆனால் வளைப்பதென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைக்க வேண்டும். இதில் வலது விளிம்பு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நின்றது, இடது மட்டும் வளைந்திருந்தது. லென்ஸைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அவள் உடனே முடிவு கட்டினாள்.

வீட்டுக்குள் சுவரில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையையும் எடுத்துப் பார்த்தாள். அதில் எல்லாக் கோடும் ஒழுங்காக இருந்தது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் இருப்பதை எடுக்கும்போது லென்ஸ் ஒரு மாதிரி நடக்கும், தூரத்தில் இருப்பதை எடுக்கும்போது வேறு மாதிரி நடக்கும் என்ற பாடம் அவளுக்கு மனப்பாடம். விஷயம் தெரிந்தவர்களிடம் இதுதான் தொல்லை. எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் கைவசம் இருக்கும்.

கம்பெனிக்காரருக்குப் போன் போட்டாள்.

"உங்க லென்ஸ் கோணலா இருக்குங்க. இடது ஓரம் வளையுது."

"வேற ஒண்ணு அனுப்பறேம்மா" என்றார் அவர். அனுப்பவும் செய்தார். அதிலும் அதே இடத்தில் அதே வளைவு.

"உங்க தொழிற்சாலையில எல்லாத்தையும் ஒரே மாதிரி கோணலா மாட்டறாங்க போல" என்றாள் இரண்டாவது போனில்.

கம்பெனிக்காரர் நிதானமான மனிதர். "எங்க ஆபீஸ் மாடியிலேர்ந்து எதிர்க் கட்டடத்தை எடுத்துப் பார்த்தேம்மா. நேராத்தான் வருது. ஒருவேளை எங்க ஊர்க் கட்டடம் நேரா இருக்கோ என்னமோ" என்று சிரித்தார்.

அவளும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். 'இடது ஓரம் வளைகிறது. வாங்க வேண்டாம்' என்று கட்டுரையின் கடைசி வரியையும் எழுதினாள். ஆசிரியருக்கு அனுப்பப் போன கை நின்றுவிட்டது. அந்த மனிதர் சொன்னது வேடிக்கைதான். ஆனாலும் மூக்கு நுனியில் ஒரு கொசு உட்கார்ந்தால் எத்தனை நேரம் சும்மா இருக்க முடியும்?

மறுபடி மாடிக்குப் போனாள். லென்ஸ் கோணலா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கேமராவைத் தலைகீழாக வைத்து எடுப்பது. கோளாறு லென்ஸில் இருந்தால், கேமரா புரண்டதும் கோளாறும் சேர்ந்து புரள வேண்டும். கட்டடத்தின் இடது விளிம்பு நேராகி, வலது விளிம்பு வளைய வேண்டும். கைப்பிடிச் சுவர்மேல் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கேமராவைத் தலைகீழாகப் படுக்கவைத்து எடுத்தாள். கீழே போய்க் கம்ப்யூட்டரில் படத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

வளைவு இடம் மாறவில்லை. கட்டடத்தின் இடது விளிம்பிலேயே இருந்தது.

தப்பாக நிமிர்த்திவிட்டோமோ என்று பெயர்ப்பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் சரியாகவே இருந்தன. மறுபடி மாடி ஏறினாள், எடுத்தாள், இறங்கினாள். மூன்றாவது தடவை இறங்கும்போது கால் பின்னியது.

பிறகு பழைய படங்களைத் திறந்தாள். ஒவ்வொரு கேமராவிலும் எடுத்த அதே கட்டடம், அதே காலை வெயில், அதே ஜன்னலில் அதே அக்கா. ஆரம்பத்தில் எடுத்தவற்றில் இடது விளிம்பு நேராக இருந்தது. அப்புறம் ஒரு கேமராவில் தலைமுடி அளவுக்கு ஒரு பிதுக்கம். 'ஓரத்தில் லேசான வளைவு' என்று அந்தக் கேமராவுக்கு அவளே ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தாள். அடுத்ததில் இன்னும் கொஞ்சம், அதற்கும் குறைத்திருந்தாள். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு லென்ஸ், ஆனால் வளைவு மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிள்ளை வளர்வதுபோல் வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் மாடிக்குப் போய், கேமரா இல்லாமல், ஒரு இரும்பு ஸ்கேலை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள். ஸ்கேலுக்கு வெளியே சுவர் தொப்பைபோல எட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் அந்தக் கட்டடத்தை அவள் வெறும் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுவருக்கு உள்பக்கம், முதுகைக் கொடுத்தபடி, அக்காவின் தையல் மெஷின் இருந்தது.

தெருவைக் கடந்து பட்டறைக்குள் ஓடினாள். உள்ளே இடதுசுவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தரையிலிருந்து கூரைவரை நுரைப்பஞ்சுப் பலகைகளை அடுக்கி மறைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் உட்கார்ந்து அக்கா ஒரு சோபா உறையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருக்கா. இந்தப் பக்கம் வா."

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

அத்தான் ஒரு நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இன்னும் நாலு ஆணி இருந்தது. அவள் மூச்சு வாங்கியபடி படங்களைக் காட்டி, வளைவைக் காட்டி, தலைகீழாக எடுத்த கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாகக் கையில் துப்பினார்.

"ஏம்மா பூதக்கண்ணாடி, போன தடவை எடுத்த குடும்பப் படத்துல நான் ஓரமா நின்னேன். ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்பதும் புரிந்துவிட்டது.

"என்ன இது, இவ்ளோ பெரிய தொப்பைன்னு நான் கேட்டேன். நீ என்ன சொன்னே? 'அத்தான், அது லென்ஸ் பண்ற வேலை, ஓரத்துல நின்னா எல்லாருக்கும் அப்படித்தான் பிதுங்கும், படத்தை நம்பாதீங்க'ன்னு சொன்னே. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அத்தான்."

"அதுக்கப்புறம் எவன் தொப்பையைப் பத்திப் பேசினாலும் நான் லென்ஸ்னு சொல்லிட்டிருக்கேன். இப்ப சுவரும் ஓரத்துலதானே நிக்குது? என் தொப்பைக்கு ஒரு நியாயம், சுவருக்கு ஒரு நியாயமா?"

பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஒரு ஹோட்டலுக்கு நாற்காலி உறை தைத்துக்கொடுக்கும் பெரிய ஆர்டர் நடுவில் நின்றது. யாருக்கும் எழுந்திருக்க மனமில்லை. பூதக்கண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் முதுகுக்குப் பின்னால் பஞ்சுப் பலகைகளைப் பார்த்தாள், அத்தானின் வயிற்றைப் பார்த்தாள்.

"அத்தான், அது உங்க தொப்பைதான்" என்றாள். "லென்ஸ் ஒண்ணும் பண்ணல. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொன்னேன். படத்துல எவ்ளோ இருந்துதோ அவ்ளோதான் இருக்கு."

அத்தான் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, ஏமாற்றம். ஒரு நல்ல நண்பன் பொய்க்காரன் என்று தெரிந்தால் வருமே, அது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்றார்.

"எனக்கு எதுக்குங்க லென்ஸ்" என்றாள் அக்கா.

அத்தான் சுத்தியலைக் கீழே வைத்தார். "நீ இவ்ளோ பேர் முன்னால என் மூக்கை உடைக்கற அளவுக்கு வந்துட்டேன்னா, சுவத்துல என்னமோ இருக்கு. வா, பார்த்துடலாம்."

பார்ப்பதற்குக் கேமரா எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு முழு நூல்கண்டும் அக்காவின் பெரிய கத்தரிக்கோலும் போதுமாக இருந்தன. அத்தான் பட்டறைக் கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போய்க் குப்புறப் படுத்து, நூல் நுனியில் கட்டிய கத்தரிக்கோலை இடதுசுவரை ஒட்டிக் கீழே இறக்கினார். சுவர் நேராக இருந்தால் நூல் மேலிருந்து கீழ்வரை சுவரை உரசியபடி வர வேண்டும். நூல் மேலே சுவரைத் தொடவில்லை. நடுவில் தொட்டது. அதற்குக் கீழே மறுபடி விலகி, அந்தரத்தில் தொங்கியது. சுவரை ஒட்டிய சந்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்த நூல் இல்லாவிட்டால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

"நீ அங்க நிக்காதேக்கா" என்று பூதக்கண்ணாடி சந்து முனையிலிருந்து சொன்னாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டு வேகமாகச் சந்தைவிட்டு வெளியே வந்தாள்.

உள்ளே பஞ்சுப் பலகைகளை நகர்த்தியபோது காரணமும் தெரிந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் எங்கோ மேலே உடைந்து, எத்தனை காலமாகவோ சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கியிருந்தது. விரலால் சுரண்டினால் செங்கல் ஈரமாவாக வந்தது. அன்றைக்கே மெஷின்களை எல்லாம் பக்கத்துத் தெருவில் ஒரு கொட்டகைக்கு மாற்றினார்கள். கட்டடச் சொந்தக்காரர் பொறியாளரை அனுப்புவதாகப் போனில் சொன்னார். யாரும் உள்ளே போகக் கூடாது என்று அத்தான் வாசலில் கயிறு கட்டிவைத்தார். அடுத்த ஒரு வாரமும் அவர் வயிற்றை உள்ளிழுத்தபடியே நடந்தார்.

கட்டுரை கேட்டு ஆசிரியர் நச்சரிக்க ஆரம்பித்தார். 'வாங்க வேண்டாம்' என்ற வரியை அடித்தாகிவிட்டது. ஆனால் முதலில் எடுத்த படங்களை அவள் சந்தேகக் கண்ணோடு எடுத்திருந்ததால், எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று ஒரு காலை மாடிக்குப் போனாள். அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஜன்னல் வேண்டாம். எதிரே தெருவுல எங்கேயாவது நில்லு. மரத்தடியில நில்லு."

"வரேன். இங்கேதான் பட்டறை வாசல்ல இருக்கேன். நூல்பெட்டி ஒண்ணு உள்ளயே மாட்டிக்கிச்சுடி. சிவப்பு நூல் பூரா அதுலதான் இருக்கு. ஒரு எட்டுப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"உள்ள போகாதேக்கா."

"சரி சரி."

போன் துண்டிக்கப்பட்டது. அக்காவின் 'சரி சரி'க்கு என்ன அர்த்தம் என்பது தங்கைக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மரக்கிளைகள் வாசலை மறைத்தன. யார் வெளியே, யார் உள்ளே என்று ஒன்றும் புலப்படவில்லை.

முதலில் சத்தம் வரவில்லை. இடது விளிம்பு மெல்ல அசைந்து, நேராவதுபோல் இருந்தது. ஒரு கணம் அது நிஜமாகவே நேராக நின்றது என்றுகூட அவள் பிற்பாடு சத்தியம் செய்வாள். அப்புறம் அங்கே விளிம்பே இல்லை. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து காதை அடைத்தது. தெருவிலிருந்து பழுப்பு நிறப் புழுதி எழும்பி ஜன்னல், பலகை, மரம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

படியில் இறங்கி ஓட வேண்டும் என்று தெரிந்தது, கால் நகரவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தாள். புழுதியும் அதற்குள் நிழல்களும் மட்டும் தெரிந்தன. அப்போது கை தானாகக் கேமராவை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கியது. ஜூமை முழுக்க இழுத்தாள். எடுத்தாள்.

சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். வெறும் புழுதி. இன்னொன்று எடுத்தாள். இடதுபக்க ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல் குவியல், அதன்மேல் ஒரு பஞ்சுப் பலகை. மஞ்சள் இல்லை. விரலால் படத்தைத் தள்ளித் தள்ளி ஒவ்வொரு மூலையாகத் தேடினாள். இத்தனை காலம் மதிப்பெண் போடுவதற்காகத் தேடிய அந்த ஒரு கோட்டை, இப்போது தெய்வமே, தெய்வமே என்று முணுமுணுத்தபடி தேடினாள். இல்லை. மூன்றாவது படம் எடுத்தாள். காற்று வலதுபக்கம் கொஞ்சம் புழுதியைத் தள்ளியிருந்தது. மரத்தின் அடிப்பகுதி வந்தது. அதன் பக்கத்தில் மூன்று நான்கு பேர், ஒருவர் முகமும் தெரியவில்லை, எல்லாரும் மண் பொம்மைகள். அவள் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

ஒரு மண் பொம்மையின் கழுத்தில் மஞ்சளாக ஒரு கோடு இருந்தது. கரையவில்லை, சேறாகவில்லை. கோட்டில் இருந்த கறுப்புக் கட்டங்கள்கூடத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெரிய தொப்பை, அதை உள்ளிழுத்துக்கொள்ள மறந்த ஓர் ஆள், அந்த மஞ்சள் கோட்டுக்காரியின் கையை இரண்டு கையாலும் இறுகப் பற்றியிருந்தார். வாசலிலிருந்து அவளை இழுத்து வந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். பூதக்கண்ணாடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

போன் அடித்தது.

"என்னடி, எடுத்துட்டியா?" அக்காவின் குரல் புழுதியில் கரகரத்தது. "நீ கேமராவைத் தூக்கினதைப் பார்த்தேன். இவர் இழுக்கறார், நான் அசையாம நிக்கறேன். நகரலாமா?"

"நகரலாம்க்கா" என்றாள் தங்கை, கேமராவை நெஞ்சிலிருந்து எடுக்காமலே.